தோசைக்கல்லும் முப்பத்தொரு மடக்குக்கத்திகளும்

பழைய இரும்பு விற்கிறவனிடம் வருகிறவர்களில் பாதிப்பேர், சரக்கைப் பார்ப்பதற்கு முன்னால் இவன் இதை எங்கே திருடினான் என்ற யோசனையோடுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். இந்த வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களையும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. எனக்கு நடந்த அநியாயங்களின் வழியாக வந்து சேர்ந்தேன். அவற்றை முறைப்படி சொல்லிவிடுகிறேன். துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவன் நான். வரிசை எண் போடாமல் எனக்குக் கோபப்படவே வராது.

ஒன்று. பனியன் கம்பெனியில் பெண்கள் கழிப்பறைச் சாவியை சூப்பர்வைசர் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார். அதைப் பற்றி நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். சாவி அவர் இடுப்பிலிருந்து ஆணிக்கு வந்தது. நான் கம்பெனியிலிருந்து ரோட்டுக்கு வந்தேன்.

இரண்டு. என்னைத் திரும்ப எடுக்கச் சொல்லி வேலைநிறுத்தம் நடந்தது. ஒப்பந்தத்தில் முடிந்தது. மற்ற எல்லோருக்கும் வேலை உண்டு என்று எழுதிய தாளில், என் விஷயம் மட்டும் "பின்னர் பேசப்படும்" என்று இருந்தது. அந்தப் பின்னர் இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் சங்கத்துத் தலைவர்களேதான்.

மூன்று. அதற்குப் பிறகு நான் எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும், நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் "வேலை இல்லீங்க" என்றார். வேலைக்கு ஆட்கள் தேவை என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

நான்கு. இத்தனைக்கும் பிறகு நானாக உண்டாக்கிக்கொண்ட பிழைப்பையும் பிடுங்குவதற்கு, பல்லடம் ரோட்டு ஞாயிற்றுச் சந்தையின் வியாபாரிகள் சங்கத் தலைவர் சென்னியப்பன் போலீசில் மனுக் கொடுத்தார்.

முதல் மூன்றையும் பற்றி நிறைய நோட்டீஸ் போட்டாகிவிட்டது. இது நான்காவதைப் பற்றி.

நான் விற்பது இரண்டே சாமான்கள். பழைய வார்ப்பிரும்புக் கல், சட்டி, பணியாரக்கல் வகையறா ஒன்று. மடக்குக்கத்தி இன்னொன்று. கம்பெனிகள் கைவிட்டபோது ஒரு பழைய இரும்புக் கடையில் சரக்குப் பிரிக்கும் வேலை கிடைத்தது. வீடுகளில் நான்ஸ்டிக் வாங்கிக்கொண்டு, காலமெல்லாம் தோசை சுட்ட கல்லைக் கொண்டுவந்து எடைக்குப் போட்டார்கள். உருக்கப் போகிற குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தேங்காய் நாரும் மணலும் போட்டுத் துருவைத் தேய்த்தேன். கஞ்சித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்தேன். நான்காம் நாள் அதில் சுட்ட தோசை, விளிம்பிலிருந்து தானாகவே எழுந்து வந்தது. ஓரம் முறுகல், நடுவில் பஞ்சு. என் வாழ்க்கையில் எனக்குச் சேரவேண்டியது தகராறு இல்லாமல் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

கத்தி அதற்கு முன்பே என்னிடம் இருந்தது. நோட்டீஸ் கட்டின் சணலை அறுக்கவும், பழைய போஸ்டரைச் சுரண்டவும் வைத்திருந்த மடக்குக்கத்தி. அதே கத்தியால் சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, அந்தக் கல்லில் ஊத்தப்பம் போட்டுப் பார்த்தேன். வெங்காயச் சாறு பட்டுப் பட்டுக் கத்தி நீலம் பாரித்தது. எண்ணெய் குடித்துக் குடித்துக் கல் கருத்தது. இரண்டும் துருப்பிடிக்கிற இனம். கவனித்தால் காலத்துக்கும் உழைக்கும், கவனிக்காவிட்டால் ஒரே வாரத்தில் முகத்தைக் காட்டிவிடும். தொழிலாளியும் அப்படித்தான் என்று ஒரு நோட்டீஸில் எழுதினேன். யாரும் ரசிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தையில் அடுப்பைப் பற்றவைத்து, எல்லோர் கண்முன்னும் மடக்குக்கத்தியால் வெங்காயம் அரிந்து, கல்லில் ஊத்தப்பம் ஊற்றி, வந்தவர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுக்கிறேன். வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஊத்தப்பம் எனக்குத்தான்.

தட்டிப் பார்த்த அம்மணி

வார்ப்பிரும்பை விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். ணங் என்று பாடினால் நல்ல கல். டொக் என்றால் உள்ளே எங்கோ கீறல். தொழிலில் இருக்கிற நமக்குத் தெரியும், வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. குண்டடம் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்து அம்மணி வந்தார். தட்டிப் பார்க்கும் முறையைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து, நான் பரப்பி வைத்திருந்த அத்தனை கல்லையும் வரிசையாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு முழுநேரக் கச்சேரி.

ஒன்பதாவது கல் டொக் என்றது. காலையிலிருந்து நான் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்த கல் அது. எண்ணெய் இறங்கிக் கீறலை மறைத்திருந்ததால் என் கண்ணில் படவில்லை. எடுத்துக் கடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன். அந்த அம்மணி பத்தாவது கல்லை வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கல்லு பொய் சொல்லலீங்க தோழர். நீங்களும் சொல்லலீன்னு வெச்சுக்கறனுங்க."

ஆபீஸ் சுவர்

ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி ஒருவர் காரில் வந்தார். பெரிய விருந்துச் சட்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, இது எத்தன வருசத்துப் பழசுங்க?" என்றார். தேதி போடாத சரக்கு என்றேன். ஆபீஸில் விளக்குப் போட்டுச் சுவரில் மாட்டப் போவதாகவும், துணி வாங்க வெளிநாட்டு பையர்கள் வந்தால் காட்டலாம் என்றும் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. உழைக்கிறதை உட்காரவைத்து அழகு பார்ப்பதும், உழைக்கிறவனை வெளியே தள்ளுவதும் ஒரே புத்தி என்று அங்கேயே ஒரு சிறு உரை ஆற்றினேன். பக்கத்துக் கடை ஜபார் பாய் கம்பெனி கழித்துப்போட்ட தன் செகண்ட்ஸ் பனியன்களை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

மூன்று தடவை சமைத்துவிட்டுத்தான் மாட்டுவேன் என்று அவர் சத்தியம் செய்த பிறகே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டம்மா வந்தார். கத்திரிக்காய் வதக்க ஒன்று, கறி வறுக்க ஒன்று என்று மேலும் இரண்டு சட்டிகளும், காய் அரிய ஒரு மடக்குக்கத்தியும் எடுத்தார். ஆபீஸ் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "மூணாந்தடவ சமைச்சதுக்கு அப்பறம் சட்டிய நாங் குடுக்கவே இல்லீங்க. ஆணி அடிச்சது அடிச்சாச்சேன்னு என்ற பழைய நான்ஸ்டிக்கக் கொண்டு போயி மாட்டியிருக்காருங்க."

பாலீஷ்

அனுப்பர்பாளையத்துக்காரர் ஒருவர். பரம்பரையாகப் பாத்திரத் தொழில். அந்த ஊர்க் கைகளுக்கு மங்கலான உலோகத்தைக் கண்டால் பொறுக்காது. என்னிடம் வாங்கிய நல்ல கறுத்த கல்லை, தலைமுறைக்கும் எண்ணெய் குடித்துப் பழகின கல்லை, நேரே பட்டறைக்குக் கொண்டுபோய் மெஷினில் பிடித்துவிட்டார். அரைமணி நேரத்தில் அது எவர்சில்வர் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மாவை ஊற்றியதும் வெல்டிங் வைத்ததுபோலப் பிடித்துக்கொண்டதாம். அடுத்த ஞாயிறு கல்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என் முகமே தெரிந்தது. அத்தனை வருஷப் பழக்கத்தையும் ஒரு பொத்தானை அமுக்கிப் போக்கிய கொலைபாதகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவருக்கு இன்னும் தன் மேல் தப்பிருப்பதாகவே தோன்றவில்லை. "என்னங்க நீங்க இப்புடிச் சொல்றீங்க? சுத்துப்பட்டுல இவ்வளவு பளபளப்பா ஒரு கல்லு எவங்கிட்டயாச்சும் இருக்குதுங்களா? தோசை ஒண்ணுதான் வரமாட்டேங்குது."

எதை வெட்ட?

கத்தி கேட்கிற யாராக இருந்தாலும் "எதை வெட்ட?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். மாங்காய் என்றால் மெல்லிய அலகு. சாக்கு என்றால் தடித்தது. பதில் சொல்லத் தயங்கினால் கொடுப்பதில்லை. இதை நான் சட்டத்துக்குப் பயந்து செய்யவில்லை. தெரியாமல் எதையும் கையில் கொடுக்கக்கூடாது என்பது என் பழக்கம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டாள். எதை வெட்ட என்றேன். "எங்க சூப்பர்வைசரு நாக்க வெட்டணும் அண்ணாச்சி. என்னா பேச்சு பேசுதான்!" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் கத்தி போதாது அம்மா, ஆட்கள் சேர வேண்டும் என்று சொல்லி, பெட்டியின் அடியிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் நாலு தோழிகளுடன் வந்து நின்றாள். "நோட்டீசு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, நாங்க அஞ்சு பேரும் படிச்சாச்சு. ஆனா பனங்கிழங்கு உரிக்க அது ஆவாது. கத்தியத் தாங்க."

மனு

தலைவர் சென்னியப்பனின் கடை என் கடையிலிருந்து ஆறாவது. அலுமினியமும் நான்ஸ்டிக்கும் விற்கிறார். என் ஊத்தப்ப வாசனை காற்றில் போகும்போது அவர் கடையைத் தாண்டித்தான் போகும். வருகிற கூட்டமும் அப்படியே தாண்டிவிடும். ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு, என் கத்திகள் பொதுமக்களுக்கு அபாயம் என்று மனு எழுதினார்.

இளவயது சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், ஏட்டையாவுடன் வந்தார். மரியாதையாகவே பேசினார். விசாரணை முடியும்வரை கத்திகளை எடுத்துச் செல்வதாகவும், அடுத்த ஞாயிறு சந்தையிலேயே வைத்துச் சங்கத்தாரைக் கேட்பதாகவும் சொன்னார். சங்கத்துக்கு ஆட்சேபணை இருந்தால் கத்தியும் போகும், கடை போடும் இடமும் போகும். அதுதான் நிலைமை. எண்ணி எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்காமல் ஒரு கத்தியும் நகராது என்றேன். எத்தனை ஊர்வலத்தில் எத்தனை கொடிக்கம்பத்தைப் பறிகொடுத்தவன் நான்! ஜபார் பாய் தன் பனியன் அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார். ஏட்டையா அதில் "மடக்குக்கத்தி 31" என்று எழுதினார். பாயும் எதிர்க்கடை பூண்டு வியாபாரியும் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லாம் விற்பனைக்கா என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். இருபத்தெட்டு விற்பனைக்கு, மூன்று கூர் வைக்க வந்தவை என்றேன். யாருடையவை என்றார். சொல்வதற்கில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் போலீசுக்கு நான் யார் பெயரையும் கொடுத்ததில்லை. "கூருக்குக் குடுத்தவங்க பேருதாங்கய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார். முதலில் அப்படித்தான் கேட்பீர்கள் என்றேன். ஏட்டையா கத்திகளைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "விடுங்க சார். இவருக்கு ஜெயில் சாம்பார்ல உப்பு எவ்வளவுன்னே தெரியும். பேசிப் பிரயோசனமில்ல."

சமரசம்

புதன்கிழமை காலையில் தலைவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிள் பை. "ஏனுங்க தோழர், கல்ல மட்டும் வித்துட்டுப் போங்களே. கத்தி எதுக்குங்க நமக்கு? ஊம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, ஞாயித்துக்கிழம விசாரணையே வேண்டாம்னு நாஞ் சொல்லிப்போடறேன்" என்றார்.

யோசிக்கக்கூடிய பேச்சுதான் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். இந்தச் சந்தையை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் எனக்கு இந்த வரிசை தெரியும். இன்றைக்குக் கத்தி ஆபத்து. அடுத்து அடுப்பு ஆபத்து. அதற்கடுத்துக் கல் கனம், வழியை அடைக்கிறது. போதாததற்கு, அரிகிற கத்தியும் சுடுகிற கல்லும் சேர்ந்ததுதான் என் கடை. ஒன்றை எடுத்துவிட்டால் நான் வெறும் பழைய இரும்பு வியாபாரி. முடியாது என்றேன். அவர் என் மனைவி பக்கம் திரும்பி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க அம்மணி என்றார். அவள் ஆப்பிள் பையை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். "மூணு எடத்துல வளஞ்சு குடுத்திருந்தாருன்னா நாங்க இன்னேரம் மாடி ஊடு கட்டியிருப்பமுங்க. அப்பவே வளையாத மனுசன் இனி நாலாவதுக்கு வளஞ்சு என்னத்தக் கட்டறதுங்க?"

சாட்சிகள் முன்னிலையில்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. சப்-இன்ஸ்பெக்டர் ஜபார் பாயின் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கத்துக் கமிட்டியார் ஐந்து பேர் நின்றார்கள். ஊத்தப்பத்துக்கு வருகிற கூட்டம் அன்றைக்கு ஊத்தப்பம் இல்லாமலே வந்திருந்தது. தலைவர் முன்னால் வந்து பேசினார். "குடும்பத்தோட வர்ற சந்தைங்க இது. மானம் மரியாதையுள்ள ஒரு ஆளு இந்த மாதிரிக் கத்தியக் கையில தொடுவானுங்களா? எங்க சங்கத்துல ஒருத்தரு ஊட்டுலயும் இருக்காதுங்க. இந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துரலாமுங்க."

என் முறை வந்தது. நான் நீளமாகப் பேசுவேன் என்று எதிர்பார்த்துச் சிலர் உட்கார இடம் தேடினார்கள். ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தேன். பையை அவிழ்த்து, ஒவ்வொரு கத்தியாக விரித்து, அளந்து, அடையாளம் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அபாயம் எதில் இருக்கிறது என்று ஜனங்களே பார்க்கட்டும். தலைவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "எதுக்குங்க சார் உங்க நேரம் வீணாப் போகுது? எண்ணிப் பாத்தாப் போதாதுங்களா?" சப்-இன்ஸ்பெக்டர் முறைப்படியே செய்யலாம் என்றார். பாய் தன் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

ஏட்டையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒண்ணு. எருமக்கொம்புப் பிடி. மூணு அங்குலம்." கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அது மாதிரி ஒண்ணுலதான் எங்க மச்சான் வெத்தலக் காம்பு கிள்ளுவானுங்க." "ரெண்டு. மரப்பிடி. ரெண்டே முக்கால்." "அது நான் கேட்டு வெச்சிருக்கறதுங்க, பாத்துப் புடிங்க!" பத்து தாண்டியதும் கூட்டம் ஏலம் எடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. திருநெல்வேலிப் பெண் தன் பையிலிருந்து பனங்கிழங்கையும் கத்தியையும் ஒன்றாக எடுத்து, இதையும் எழுதிக்கோங்க என்று நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். கூருக்கு வந்தவற்றில் இருபத்தொன்பதும் முப்பதும் அடையாளம் ஏதுமில்லாமல் போயின. கடைசிக் கத்தியை ஏட்டையா வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உலோகம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அதில் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள். குடம், டம்ளர், கரண்டி எதுவும் தப்பாது. பாத்திரக் கடை வாசலிலேயே மெஷினை வைத்துக்கொண்டு பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். நீட்டியதில் எல்லாம் வெட்டிக் கொடுப்பார்.

"முப்பத்தொண்ணு. பித்தளப் பிடி. மூணேகால் அங்குலம். சார், இதுல பேரு வெட்டியிருக்குதுங்க." படியுங்கள் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஏட்டையா எழுத்துக்கூட்டிப் படித்தார். "என். சென்னியப்பன். தலைவர்."

கூர் வைத்தபோது அந்த எழுத்து என் கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர் அதைக் கூருக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மனு எழுதிய அன்று அவருக்கு அது மறந்திருக்கும். ஞாபகம் வந்த பிறகுதான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு என் வீடு தேடி வந்திருக்கிறார்.

பூண்டு வியாபாரி இருமினார். தலைவர் தன் செருப்பைப் பார்த்தார், என் கல்லைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "தோழர்... கூரு வெச்சாச்சுங்களா?"

வைத்தாயிற்று என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏட்டையா, மனு வாபஸ்னு எழுதுங்க. கடை இருந்த எடத்துலயே இருக்கும்னு எழுதுங்க. கத்தியெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சுன்னும் எழுதி, சாட்சிங்க காதுல விழற மாதிரி வாசிங்க." ஏட்டையா எழுதி முடித்து, தொண்டையைச் செருமி, பாயையும் பூண்டு வியாபாரியையும் அருகில் அழைத்து உரக்க வாசித்தார்: "முப்பது கத்திகள் கடைக்காரர் வசம். முப்பத்தொண்ணாவது கத்தியை நேரில் பெற்றுக்கொண்டவர், மேற்படி மனுதாரர், என். சென்னியப்பன், தலைவர்."

ஆயுள் முழுக்க யார் பெயரையும் சொல்லாமல் கட்டிக்காத்த என் கொள்கைக்கு ஒரே ஒரு முறை பலன் கிடைத்தது என்றால், அது கொள்கையால் அல்ல, இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது என்பதால்தான்.